தக்கலை வீட்டு லேப்டாப்பை எடைக்குப் போடாதே

குலசேகரம்

அன்புள்ள மக்கா,

சுகம்தானே? இங்கே மழை விட்டபாடில்லை. ரப்பரில் பால் வெட்டு நின்று கிடக்கிறது. அப்பாவும் வீட்டிலேயே இருப்பதால் சாயாவுக்கு மட்டும் குறைவில்லை. உன் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு மார்த்தாண்டத்தில் மண்டபம் பார்க்கிறார்களாமே, தேதி முடிவானால் சொல்.

அப்புறம், தக்கலை வீட்டில் கிடக்கும் பழைய லேப்டாப்பை எடைக்குப் போடலாமா என்று கேட்டிருந்தாய். போடாதே. என்னுடையதும் 2 ஜிபி ராம்தான். டெபியன் என்ற லினக்ஸை ஏற்றி, அதன்மேல் திரையில் ஜன்னல்களை அடுக்கித் தரும் டிடபிள்யூஎம் என்ற குட்டி நிரலைப் போட்டு நன்றாகவே ஓடுகிறது. ஐகான், வால்பேப்பர் எதுவும் கிடையாது. திறக்கிற ஜன்னல்களுக்குத் திரையை அதுவே பங்கு வைத்துக் கொடுத்துவிடும். முக்கியமானதற்கு இடப்பக்கம் பாதிக்குச் சற்று மேல். மற்றவை வலப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்று. மவுஸைத் தேடுவதே குறைந்துவிட்டது.

2006இல் வந்த சாமான் இது. நிரல் 2000 வரியைத் தாண்டக் கூடாது என்பது செய்தவர்களின் பிடிவாதம். செட்டிங்ஸ் மெனுவும் இல்லை. கான்ஃபிக்.எச் என்ற சி ஃபைலைத் திருத்தி, மறுபடி கம்பைல் செய்து, அதாவது கணினி ஓட்டக்கூடிய நிரலாக மாற்றி, இன்ஸ்டால் செய்ய வேண்டும். கேட்கத்தான் மிரட்டல், சில விநாடியில் முடிந்துவிடும். திரையில் ஜன்னல் காட்டும் எக்ஸ்11, எழுத்து வரையும் எக்ஸ்எஃப்டி, பல திரைகளைக் கவனிக்கும் ஜினராமா மூன்றுக்கும் டெவலப்மென்ட் பேக்கேஜ் முன்பே இருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் முதலில் மாற்றியது மாட்கீ, அதாவது டிடபிள்யூஎம்முக்குக் கட்டளை கொடுக்கும்போது அழுத்திப் பிடிக்கிற கீ. அது ஆல்ட்டில் இருந்தால் பயர்பாக்ஸ் ஷார்ட்கட்டுகளோடு ஓயாத சண்டை. அந்த ஃபைலில் ஆல்ட்டைக் குறிக்கும் மாட்1மாஸ்க் என்பதை மாட்4மாஸ்க் ஆக்கினேன், விண்டோஸ் கீக்குப் போய்விட்டது.

தானாக எதுவும் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேட்டரி எவ்வளவு, மணி என்ன என்று மேல்பட்டையில் தெரியவே எக்ஸ்செட்ரூட் என்ற கட்டளையை வைத்து ஒரு குட்டி ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்ய, அதற்கான ஐபஸ் நிரலை எக்ஸ்இனிட்ஆர்சி என்ற தொடக்க ஃபைலில் நாமே கிளப்பிவிட வேண்டும். எனக்கு இது பிடித்திருக்கிறது. நான் கேட்காத எதுவும் பின்னால் ஓடுவதில்லை.

பிடிக்காதது, அது தமிழை நடத்தும் விதம். மேல்பட்டையில் ஜன்னலின் தலைப்பை எழுதுவது எக்ஸ்எஃப்டி. அதற்கு எழுத்தைக் கோக்கத் தெரியாது. வந்த வரிசையில் வரைந்துவிடும். 'கெ' என்றால் முதலில் க, பின்னால் கொம்பு! தமிழ்ச் செய்தித்தளம் எதையாவது திறந்தால் தலைப்பைப் பார்க்கச் சகிக்காது. பயர்பாக்ஸுக்குள் பக்கம் என்னவோ ஒழுங்காகத்தான் தெரியும். கட்டளைகளைத் தட்டும் எஸ்டி டெர்மினலிலும் இதே கோளாறு. நிரலை இத்தனை சிறிதாக வைத்ததற்கு நம் எழுத்து கொடுக்கிற விலை என்றுதான் தோன்றுகிறது, எனக்கு அது நியாயமாகப் படவில்லை. தலைப்பையே எடுத்துவிடும் பேட்ச், அதாவது நிரலில் சேர்க்கும் சின்னத் திருத்தம், ஒன்று உண்டு, அதைப் போட்டுச் சமாளிக்கிறேன்.

உனக்கு நான் ஐ3 என்ற, இதே வேலை செய்யும் இன்னொரு நிரலைத்தான் போடுவேன். அது 2009இல் வந்தது, இதைவிடக் கொஞ்சம் பெரிது. ஆனால் அமைப்பெல்லாம் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கும், கம்பைல் செய்ய வேண்டாம். எழுத்தைச் சரியாகக் கோக்கத் தெரிந்த பாங்கோவைப் பயன்படுத்துவதால் தமிழும் உடையாது. நாகர்கோவிலில் லேபில் டர்போ சியைப் பார்த்து நீ முழித்த முழி எனக்கு இன்னும் மறக்கவில்லை லே!

ஞாயிற்றுக்கிழமை தக்கலை போய் லேப்டாப்பை எடுத்து வருகிறேன், அம்மாவிடம் சொல்லிவை. சார்ஜர் எங்கே இருக்கிறது என்றும் கேட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் கூட்டாளி