60 வாட்ஸ் 3000 ஆன கதை

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பர்ல வாற ஸ்பீக்கர் செட் விளம்பரங்களைப் பாத்துப் பாத்து பொறுக்க ஏலாமத்தான் இதை எழுதுறன். ஒவ்வொரு பண்டிகைக்கும் வாட்ஸ் கூடிக்கொண்டே போகுது, போன தீபாவளிக்கு 3000 எண்டு போட்டாங்கள், வாற பொங்கலுக்கு 5000 எண்டு போடுவாங்கள் போல. 12க்கு 10 அறைக்க சாய்மனைக் கதிரையில இருந்து பாட்டுக் கேக்கிற எனக்கு அது என்னத்துக்கு, நான் என்ன கோயில் திருவிழாவுக்கா லவுட்ஸ்பீக்கர் கட்டப் போறன்.

நானும் ஏமாந்தவன்தான், அதையும் சொல்லோணும். பென்ஷன் வந்த புதுசுல திருகோணமலை டவுன்ல ஒரு கடையில 5.1 ஹோம் தியேட்டர் செட் ஒண்டு எடுத்தனான். அடிச் சத்தத்துக்கு ஒரு பெரிய சப்வூஃபர் பெட்டி, கூட அஞ்சு குட்டிப் பெட்டி, அட்டையில 3000 வாட்ஸ் எண்டு சிவப்பு எழுத்து. வீட்ட கொண்டுவந்து பூட்டி நாதஸ்வரக் கச்சேரி ஒண்டப் போட்டா தவில் மட்டும் மேசைக்குக் கீழ இருந்து தும் தும் எண்டுது, நாதஸ்வரம் பக்கத்து வீட்டுல ஆரோ வாசிக்கிற மாதிரி கேக்குது. மனிசி வந்து பாத்துட்டு உதை நிப்பாட்டிப்போட்டு பழைய ரேடியோவையே போடுங்கோ எண்டாள்.

ஒரு மாசம் கழிச்சு தூசி தட்டேக்க பின்பக்கத்தைத் திருப்பிப் பாத்தன். சின்ன ஸ்டிக்கர் ஒண்டு, கண்ணாடி போட்டாத்தான் தெரியும், 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், 60 வாட்ஸ். அதாவது சுவர்ல இருந்து அது எடுக்கிற கறண்டே 60 வாட்ஸ்தான். 1 லீட்டர் தண்ணி குடிச்ச பசு 50 லீட்டர் பால் கறக்குமா ஐயா? கடையில கேட்டா பிஎம்பிஓ எண்டுவாங்கள், கண் மூடித் திறக்கிறதுக்குள்ள வந்து போற உச்சத்தை வைச்சு அவையவை தங்கட இஷ்டத்துக்குப் போடுற கணக்கு அது, எல்லாரும் ஒத்துக்கொண்ட அளவு எண்டு ஒண்டும் கிடையாது. பாக்க வேண்டியது ஆர்எம்எஸ், தொடர்ந்து குடுக்கக்கூடிய வாட்ஸ். சின்ன அறைக்கு ஒரு பக்கத்துக்கு 20 வாட்ஸ் தாராளம், ஏனெண்டா வாட்ஸ் ரெண்டு மடங்கானாலும் சத்தம் கூடுறது 3 டெசிபல்தான், காதுக்கு அது கொஞ்சம்தான் தெரியும்.

பிறகு அக்காட மகன் சொல்லித்தான் எனக்கு விஷயம் விளங்கினது. மாமா உங்களுக்கு ஆறு பெட்டி வேண்டாம், நல்லதா ரெண்டு பெட்டி காணும் எண்டான். புத்தக அலுமாரில வைக்கிற அளவுல, அம்ப், அதுதான் சத்தத்தைப் பெருப்பிக்கிற அம்பிளிஃபையர், உள்ளுக்கே இருக்கிற சோடி இப்ப கிடைக்குது, உதாரணத்துக்கு எடிஃபையர் ஆர்1280டி, அடிச் சத்தம் குடுக்கிற வூஃபர் 4 இஞ்சி, ரெண்டும் சேத்து 42 வாட்ஸ் ஆர்எம்எஸ் எண்டு உள்ளதைப் போட்டிருக்கிறாங்கள், ஃபோனையோ ரீவியையோ வயர்ல குடுத்தா பாட்டு வரும், வேற ஒண்டும் வாங்கத் தேவையில்ல. காசு இன்னும் குறைவெண்டா ஜப்பான்ல இருந்து வாற பழைய ஸ்பீக்கர் சோடியும் ஒரு சின்ன அம்பிளிஃபையரும். ஆனா கவனம், அங்கத்தைய வீட்டுக் கறண்ட் 100 வோல்ட், அங்க இருந்து வாற அம்பிளிஃபையரை அப்பிடியே நம்மட பிளக்குல குத்தினா புகைதான் வரும், என்ர சிநேகிதன் ஒருத்தர் குத்திப் பாத்தவர். ஸ்பீக்கர் பெட்டிக்கு அந்தப் பிரச்சினை இல்ல, அது சுவர்ல குத்துறதில்லயே.

பழசு எடுத்தா பெட்டிட முன்பக்கத் துணியைக் கழட்டி வூஃபரைச் சுத்தி இருக்கிற வளையத்தை விரலால மெல்லத் தொட்டுப் பாருங்கோ. ரப்பர் எண்டா பயமில்ல. பஞ்சு மாதிரி ஃபோம் எண்டா நம்மட வெக்கைக்கும் ஈரக் காத்துக்கும் பழைய பிஸ்கட் மாதிரி உதிர்ந்து கையோட வரும். நான் இருக்கிறது உப்புவெளி, கடல் கிட்ட, வயர் நுனி கொஞ்ச மாசத்துலயே பச்சை பிடிச்சிடும், அதை வெட்டிப் புதுசாச் சீவிப் பூட்டுறன். பூட்டேக்க சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு, ஒரு பக்கம் மாறினாலும் பேஸ், அதுதான் அடிச் சத்தம், காணாமப் போகும், சாமான் பழுதெண்டு திருப்பிக் குடுக்க ஓடுவீங்கள். சந்தேகமெண்டா 1.5 வோல்ட் பற்றரி ஒண்டை வயர்ல ஒரு கணம் தொடுங்கோ, பிளஸ் சிவப்புல பட்டா வூஃபர்ட நடுவில இருக்கிற கோன் முன்னால தள்ளோணும்.

வைக்கிற இடமும் முக்கியம், நான் எடுத்த சோடியை முதல்ல அலுமாரிக்கு மேல மூலையோட ஒட்டி வைச்சன், பானைக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருந்துது. பிறகு ரெண்டு ஸ்டூல்ல காது உயரத்துக்கு, சுவர்ல இருந்து ஒரு முழம் தள்ளி, பெட்டிக்கும் பெட்டிக்கும் எவ்வளவு தூரமோ அதேயளவு தூரத்துல என்ர கதிரையைப் போட்டன். அண்டைக்கு இரவு அதே கச்சேரியைப் போட்டா நாதஸ்வரக்காரர் ரெண்டு பெட்டிக்கும் நடுவுல, ஒண்டுமே இல்லாத வெறும் இடத்துல நிண்டு வாசிக்கிறார், தவில் கொஞ்சம் வலப்பக்கம், தாளம் அதுக்கும் பின்னால. குசினிக்குள்ள இருந்த மனிசி கையில அகப்பையோட வந்து நிண்டாள், ஒண்டும் சொல்லேல்ல.

ஐயா, கேக்கிறது ரெண்டே ரெண்டு. ஒண்டு, உங்கட விளம்பரப் பகுதியில ஸ்பீக்கர் போடுறவையிட்ட ஆர்எம்எஸ் எத்தினை எண்டு கேட்டு அதையும் சேத்துப் போடுங்கோ. மற்றது கடைக்கார அண்ணைமாருக்கு, பெட்டி உடைச்சா எடுக்கத்தான் வேணும் எண்டு சொல்லாம ஒரு சோடியை வெளியில வைச்சு, வாறவன் தன்ர பாட்டை அஞ்சு நிமிஷம் கேக்க விடுங்கோ. என்ர சப்வூஃபர் இப்ப விறாந்தையில, அதுக்கு மேல செருப்பு வைக்கிறம்.

இப்படிக்கு,
உப்புவெளி வாசகன்,
திருகோணமலை.