வேலையைக் குறைத்துத் தந்தவர்களுக்கு

அன்புக்குரிய உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

கடந்த ஆண்டு நான் வரைவதை முற்றாக நிறுத்தியிருந்த காலத்தில் எனக்குத் துணைநின்றவர்கள் ஒவ்வொருவரையும் நேரில் கண்டு நன்றி சொல்லவே விரும்பினேன். அவர்களுட் பலர் புலம்பெயர்ந்த நாடுகளில் வாழ்வதாலும், இதே நிலையில் இருக்கக்கூடிய வேறு கலைஞர்களும் இதனை வாசிக்க வேண்டும் என்று எண்ணுவதாலும் இம்மடலைப் பொதுவில் எழுதுகிறேன்.

இறந்தவர்களின் உருவப்படங்களை வரைவதே என் முதன்மையான தொழில். இறந்து முப்பத்தோராம் நாளில் நடக்கும் அந்தியேட்டிக் கிரியைக்கும் ஆண்டுத் திவசத்துக்கும் மாலையிட்டு வைப்பதற்கும், கல்வெட்டு எனப்படும் நினைவு நூலின் முன்பக்கத்தில் அச்சிடுவதற்கும் இப்படங்களைக் கேட்பார்கள். 1995 ஒக்ரோபரில் போரினால் நேர்ந்த இடப்பெயர்வில் கையில் அகப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பலவற்றிடம் பழைய அல்பங்கள் இல்லை. ஆகவே மங்கிப்போன அடையாள அட்டைப் படமொன்றைக் கட்டமிட்டுப் பெருப்பித்து, "ஐயாவின்ர நாடி எங்கட சின்னத் தம்பியின்ர நாடி மாதிரித்தான்" என்று மகள் தொலைபேசியில் விம்மிக்கொண்டு சொல்வதையும் கேட்டு, அந்த முகத்தை மெல்ல மெல்லக் கட்டியெழுப்ப வேண்டியிருக்கும். முப்பத்தோராம் நாளைத் தள்ளிவைக்கவும் இயலாது. இந்த வேலையை இன்றும் நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆனால் ஒரு கட்டத்தில், எவருடைய கண்களை வரைந்தாலும் அவை ஒரே கண்களாகவே எனக்குத் தெரிந்தன. இரவு முழுவதும் உறங்கி எழுந்தாலும் கை சோர்ந்தே கிடந்தது. துயரத்தோடு பேசுகின்ற ஒருவரின் குரலைக் கேட்கும்போது என் உள்ளத்தில் இரக்கம் எழாமல் எரிச்சல் எழுந்ததே என்னை எல்லாவற்றிலும் மேலாக அச்சுறுத்தியது. கலை என்னை விட்டுப் போய்விட்டது என்றே நம்பினேன்.

அந்த நம்பிக்கையைத் தகர்த்த உளநல மருத்துவருக்கு என் முதல் நன்றி. அவர் முதலில் மனச்சோர்வு நோய் இருக்கிறதா என்று பொறுமையாகப் பரிசோதித்தார். அந்த நோயும் வேலையால் வரும் சோர்வும் வெளிக்கு ஒன்றுபோலத் தோன்றலாம், ஒன்றாகவும் வரலாம் என்பதால் அதனைத் தவிர்க்கக் கூடாது என்றார். பின்னர், உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் வேலையால் வரும் இந்தச் சோர்வு (burnout) ஒரு நோயாக அல்லாமல் தொழில்சார்ந்த ஒரு நிலையாகவே குறிக்கப்பட்டிருப்பதையும், சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து உள்ளம் விலகிப்போதல், தன் திறனில் நம்பிக்கை குன்றுதல் என அதற்கு மூன்று முகங்கள் இருப்பதையும் விளக்கினார். என் இரக்கம் வற்றியதும் அவற்றுள் ஒன்று என்று அறிந்த அன்றுதான் எனக்கு மூச்சு வந்தது. வேலையின் அளவு, அதில் நமக்குள்ள உரிமை, கிடைக்கும் மதிப்பு, உடனிருக்கும் மனிதர், நீதி, நாம் போற்றும் விழுமியங்கள் ஆகியவற்றில் எது குலைந்திருக்கிறது என்று ஆய்வாளர் கிறிஸ்டினா மஸ்லாக்கும் மைக்கல் லைற்றரும் கேட்கச் சொல்வதையும் அவர் வாயிலாகவே அறிந்தேன். எனக்கு முதலிரண்டும் குலைந்திருந்தன.

இவ்விடத்தில் என் கருத்தொன்றைப் பணிவுடன் சொல்ல வேண்டும். சோர்ந்திருக்கும் கலைஞரிடம் "உங்களுக்கு இருக்கிற திறமைக்கு விட்டுவிடாதேங்கோ" என்று சொல்பவர்கள் அன்பினாலேயே அப்படிச் சொல்கிறார்கள். ஆயினும் அந்தச் சொல் சுமையைச் சிறிதும் இறக்குவதில்லை. என்னைக் காத்தவர்கள் சுமையையே இறக்கியவர்கள். என் தொலைபேசியைத் தன்னிடம் வாங்கி வைத்துக்கொண்டு வந்த அழைப்புகளுக்கெல்லாம் மறுமொழி சொன்ன அக்கா அப்படிப்பட்டவர். தன் வருமானமும் குறையும் என்று தெரிந்தும், கடைக்கு வந்தவர்களிடம் "ஓவியர் இப்ப வேலை எடுக்கிறேல்லை" என்று திருப்பி அனுப்பிய படச்சட்டக் கடை முதலாளியும் அப்படிப்பட்டவரே. மருதனார்மடத்தில் நுண்கலை பயின்று வெளியேறிய இளம் ஓவியர்கள் சிலர் நான் ஒப்புக்கொண்டிருந்த படங்களை ஏற்று, தம் பெயரிலேயே வரைந்து முடித்தார்கள். கனடாவில் வாழும் ஒரு குடும்பத்தினர் முற்பணத்தைத் திருப்பிக் கேளாமல், "அந்தியேட்டிக்குப் போட்டோவை வைப்பம், நீங்கள் ஆட்டைத் திவசத்துக்குத் தாங்கோ" என்றார்கள். அவர்களின் தாயாரின் படத்தை நான் முழு மனத்துடன் வரைந்து கொடுத்தேன் என்பதை இங்கே மகிழ்ச்சியோடு பதிகிறேன்.

வல்வெட்டித்துறையிலிருக்கும் பட்டம் கட்டும் அண்ணைக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. தைப்பொங்கலன்று உதயசூரியன் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டிக்காக மார்கழியில் அவருடைய முற்றம் நிறைய மூங்கிலும் தாளும் கிடக்கும். என்னை வந்து வரையுமாறு அவர் கேட்கவில்லை. நிறத்தாள் தெரிவுசெய்ய ஓர் ஆள் வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். கைக்கெட்டும் தூரத்தில் அழகாகத் தெரியும் நுண்ணிய வேலைப்பாடு உயரத்தில் ஒன்றுமில்லாமற் போய்விடுவதையும், வெளிர்நீலத்தை வானம் விழுங்கிவிடுவதையும், சிவப்பும் மஞ்சளும் அகன்ற பரப்பாக நின்றாலே கண்ணுக்குப் பிடிபடுவதையும் அங்கே கற்றேன். எந்தத் தாளை எங்கே ஒட்டுவது என்பதை நானே தீர்மானித்தேன். எவருடைய முகத்துக்கும் நான் பொறுப்பாக இருக்கவில்லை. ஒரு நாள் மாலை, சிவப்புக்கு அருகில் கறுப்பை வைத்தால் எப்படியிருக்கும் என்று பார்க்கும் ஆசை எனக்குள் தானாக எழுந்தது. அந்த ஆசைக்காகத்தான் நான் அத்தனை காலமும் காத்திருந்தேன்.

இப்போது ஒரு வேளையில் ஒரு படத்தை மட்டுமே ஏற்கிறேன். அந்தியேட்டிக்குள் கேட்கப்படும் படங்களை அந்த இளம் ஓவியர்களிடம் அனுப்பிவைக்கிறேன். அவர்களுடைய வேலையை நான் நம்புகிறேன், நீங்களும் நம்பலாம். வாரத்தின் சில காலைகளை எவரும் கேட்காத படங்களுக்கென ஒதுக்கியிருக்கிறேன்.

இன்னும் பொறுமையுடன் காத்திருக்கும் குடும்பங்களுக்கு என் தனிப்பட்ட நன்றி. நீங்கள் தந்த புகைப்படங்கள் யாவும் உறையிட்டுப் பத்திரமாக உள்ளன. அவற்றின் வரிசைப்படி ஒவ்வொருவரையும் நானே தொடர்புகொள்வேன்.

நன்றியுடன்,
உங்கள் ஓவியன்,
யாழ்ப்பாணம்.