ஃபின்னிஷ் மொழியின் அளவுச் சொற்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான ஃபின்னிஷ் மொழி அறிமுகக் கட்டுரையை ஆவலோடு படித்தேன். ஆனால் அதன் இறுதியிலுள்ள சொற்பட்டியலில் 'மொனி', 'பல்யொன்' ஆகிய இரண்டுக்கும் 'பல' என்று ஒரே பொருள் தந்திருப்பது, புதிதாகக் கற்போரை இடறச் செய்யும்.

'பல்யொன்' என்றால் 'நிறைய'; அது தண்ணீருக்கும் வரும், மனிதருக்கும் வரும். தண்ணீர் என்றால் 'பல்யொன் வெத்தா' என ஒருமை. மனிதர் என்றால் 'பல்யொன் இஹ்மிசியா' எனப் பன்மை. இரண்டிலும் பெயர்ச்சொல் பகுதி வேற்றுமை உருபை, அதாவது ஒன்றின் ஒரு பகுதியையோ அளவையோ குறிக்கும் உருபை, ஏற்கிறது. 'மொனி' எண்ணக்கூடியவற்றுக்கே உரியது. 'மொனி இஹ்மினென்' என்பதற்குப் பொருள் பலர்தான். ஆயினும் பெயரும் ஒருமை, அதற்கேற்ற வினையும் ஒருமை.

ஹெல்சின்கிச் சந்தையில் கோடையில் ஸ்ட்ராபெர்ரிப் பழத்தை லிட்டர் கணக்கில் அளந்து விற்பார்கள். அங்கே 'கக்சி லித்ரா மன்சிகொய்தா' என்று கேட்கும்போது, 'கக்சி' என்ற இரண்டு முன்னால் நிற்பதால் லிட்டர் ஒருமையில் பகுதி வேற்றுமை ஏற்க, அந்த லிட்டர் முன்னால் நிற்பதால் பழம் பன்மையில் அதே வேற்றுமையை ஏற்கிறது. 'பத்து மாடு' என்று சொல்லிப் பழகிய நமக்கு எண்ணுக்குப் பின் ஒருமை வருவது வியப்பில்லை. 'இரண்டு வீடுகளில்' என்னும்போதுதான் வேறுபாடு தெரியும்: 'கஹ்தெஸ்ஸா தலொஸ்ஸா' என்று எண்ணும் பெயரும் சேர்ந்தே உருபேற்கின்றன, தமிழில் 'இல்' கடைசியில் ஒருமுறைதான் வருகிறது.

கட்டுரையாளர் தொடாமல் விட்ட 'கும்பிகின்' என்ற சொல்லைத் தமிழ் வாசகர் அவசியம் அறிய வேண்டும். 'கும்பி' என்றால் இரண்டில் எது அல்லது இருவரில் எவர். 'கின்' நம் 'உம்' போன்றது, 'மினாகின்' என்றால் 'நானும்'. வினாச்சொல்லோடு 'உம்' சேர்ந்து 'எவரும்' ஆவது போலவே அங்கும் இருவருமே என்ற பொருள் பிறக்கிறது. எதிர்மறை வாக்கியத்தில் அது 'கும்பிகான்' என மாறும். தமிழிலோ 'எவரும் வரலாம்', 'எவரும் வரவில்லை' இரண்டுக்கும் ஒரே 'உம்' போதும்.

ஆகவே, அடுத்த பகுதியில் ஒவ்வோர் அளவுச் சொல்லையும் தனியே பொருள் எழுதி விடாமல், அதன் பின் வரும் பெயரையும் வினையையும் சேர்த்து ஒரு முழு வாக்கியமாக அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்