மரையோடு வந்த போல்ட்டு

அன்புள்ள மச்சான்,

போன வாரம் நீ இரண்டு முறை கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே, இரண்டு கையிலும் கறுப்பு எண்ணெய். நம் பழைய இஎக்ஸ் 5 மோட்டார் சைக்கிளின் அடியில் படுத்துக் கிடந்தேன்.

எண்ணெய் மாற்றத்தான் உட்கார்ந்தேன். 17 ஸ்பானரைப் போட்டுத் திருப்பினால் எண்ணெயை வடிக்கும் அடிப் போல்ட்டு சுற்றுகிறது, சுற்றுகிறது, வெளியே வர மாட்டேன் என்கிறது. கீழே இழுத்துக்கொண்டே திருப்பினேன். வந்தது, மரையோடு. போல்ட்டைச் சுற்றி வெள்ளிச் சுருள் மாதிரி ஓட்டையிலிருந்த அலுமினியம்! போல்ட்டு இரும்பு, என்ஜின் அடிப்பாகம் அலுமினியம். இரண்டும் மல்லுக்கட்டினால் எது தோற்கும் என்று உனக்குத் தெரியாதா?

முதலில் பட்டணத்துக் கடைக்காரனைத்தான் வாயாரத் திட்டினேன். அப்புறம் நினைவு வந்தது. போன தீபாவளிக்கு முன்னால் எண்ணெய் கசிகிறதே என்று நான்தான் ஸ்பானரில் தண்ணீர்க் குழாயைச் செருகி அமுக்கினேன். டிராக்டர் கொட்டகையில் நீ சொல்லிக்கொடுத்த வித்தை அது! பத்து அங்குல ஸ்பானரின் முனையில் பத்து கிலோ தொங்கினால் ஏறத்தாழ 25 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. இந்தப் போல்ட்டுக்கு அதுவே தாராளம். நானோ இரண்டடிக் குழாயில் உடம்பையே சாய்த்தேன். கசிந்ததற்குக் காரணம் நசுங்கிப்போன பழைய வாஷர். அதை மாற்றியிருந்தால் ஒரு ரிங்கிட்டோடு போயிருக்கும்.

வெள்ளை டேப்பைச் சுற்றி இறுக்கு என்றான் பக்கத்து வீட்டுப் பையன். டேப் கசிவை அடைக்கும், பிடிமானம் தராது. பாதி வழியில் போல்ட்டு விழுந்தால் எண்ணெய் முழுக்க ரோட்டில் போய்விடும், என்ஜின் சுற்ற முடியாமல் இறுகிப் பிடித்துக்கொள்ளும். தானே மரை வெட்டிக்கொண்டு ஏறும் பெரிய போல்ட்டு கடையில் கிடைக்கிறது. கோணலாக ஏறினால் அதுவும் கசியும் என்று விட்டுவிட்டேன். ஈப்போவுக்குப் போய் ஹெலிகாயில் செட் வாங்கி வந்தேன். துருப்பிடிக்காத எஃகுக் கம்பிச் சுருள், பார்க்க ஸ்பிரிங் மாதிரியே இருக்கும். ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, புது மரை வெட்டி, அதில் சுருளை ஏற்றினால் உள்பக்கம் பழைய அளவு மரை தயார். பழைய போல்ட்டே பொருந்தும்.

மோட்டாரைச் சாய்க்காமல் மரக்கட்டைமேல் தூக்கி வைத்தேன். ஓட்டை தரையைப் பார்த்திருந்தால் துகள் கீழே விழும், உள்ளே ஏறாது. அது என் முகத்தில் விழுந்தது வேறு விஷயம். மரை வெட்டும் கருவியின் பள்ளத்தில் கிரீஸ் பூசி, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. அவசரப்பட்டால் கருவி உள்ளேயே முறிந்துவிடும். சுருளை விளிம்புக்கு அரை மரை உள்ளே நிறுத்தினேன். அதன் நுனியில் இருக்கும் சின்ன நாக்கை மூக்குக் குறட்டால் முறித்துச் சாசரில் வைத்த பிறகுதான் மூச்சு வந்தது. உள்ளே விழுந்திருந்தால் என்ஜினையே பிரித்திருக்க வேண்டும். மலிவான எண்ணெயை மேலே ஊற்றிக் கீழே விட்டேன். முதல் தடவை துகளின் மினுமினுப்பு, மூன்றாவது தடவை சுத்தம்.

புது வாஷர் போட்டு, போல்ட்டை விரலாலேயே நாலு சுற்று ஏற்றி, பிறகு ஸ்பானரைக் குட்டையாகப் பிடித்து இறுக்கினேன். ராத்திரி அடியில் அட்டை விரித்து வைத்தேன். காலையில் ஒரு சொட்டு இல்லை. “அட்டைக்குச் சூடம் காட்டவா?” என்று கேட்டாள் உன் தங்கை.

அந்த டிராக்டர் கொட்டகை இப்போது இல்லை. கித்தா மரம் போய் அங்கேயும் செம்பனைதான். நீ எப்போது சுங்கை சிப்புட் பக்கம் வருகிறாய்? ரயிலில் வந்தால் ஸ்டேஷனுக்கு இதே மோட்டாரில் வருகிறேன். குழாயை மட்டும் தேடாதே, வாழைக்கு முட்டுக் கொடுத்துவிட்டேன்.

அன்புடன்,
உன் மச்சான்