டிராகன் கான் சந்திப்பு: செப்டம்பர் 5, சனி

நண்பர்களே, வணக்கம்.

அட்லாண்டா டிராகன் கான் (அறிவியல் புனைகதை, காமிக்ஸ் ரசிகர்கள் வேஷம் கட்டி வரும் மாநாடு) 2026 செப்டம்பர் 3 முதல் 7 வரை. நம் பழைய ஹாஸ்டல் கூட்டம் சந்திப்பது 5-ஆம் தேதி சனிக்கிழமை, மதியம் 2.45. இடம்: பீச்ட்ரீ சென்டர் உணவுக்கூடம். ஹயாத், மாரியட் மார்க்கி ஓட்டல்களிலிருந்து கட்டடங்களை இணைக்கும் மூடிய நடைபாலம் வழியாகவே வந்துவிடலாம். வெயிலில் இறங்க வேண்டாம்.

1. மாரியட் லாபியில் பார்க்கலாம் என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள். சனிக்கிழமை அங்கே பத்தடி நகர்வதே பெரும்பாடு.

2. விமான நிலையத்திலிருந்து மார்ட்டா ரயில், தங்க நிறத் தடம், பீச்ட்ரீ சென்டர் நிறுத்தம். வண்டி மாற வேண்டியதில்லை.

3. லிஃப்டை நம்பாதீர்கள். மேல்மாடியில் தங்குபவர்கள் அரை மணி முன்பே கிளம்புங்கள்.

4. கூட்ட நெரிசலில் டவர் திணறும், வாட்ஸ்அப் செய்தி தாமதமாகத்தான் வரும். 'எங்கடா இருக்கே?' என்று கேட்டுப் பயனில்லை. நேரமும் இடமும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். 3.15 வரை காத்திருப்போம்.

5. வேஷம் கட்டுபவர்கள் என்ன வேஷம் என்று முன்பே சொல்லுங்கள். தலைக்கவசத்துக்குள் யார் என்று இத்தனை வருடம் கழித்து எப்படிக் கண்டுபிடிப்பது? வழியெல்லாம் படமெடுக்க நிறுத்துவார்கள்; அதற்குக் கால் மணி கூடுதல்.

6. பேட்ஜ் (மாநாட்டு நுழைவு அட்டை) கழுத்திலேயே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 20-க்குள் பதில் போடுங்கள்: வருகிறீர்களா, எத்தனை பேர், எந்த ஓட்டல், என்ன வேஷம். கட்டைவிரல் மட்டும் போட்டால் கணக்கில் வராது.