அந்தக் கிழங்கு அவர்களுக்கு அண்ணன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த ஹவாய்ப் பயணக் கட்டுரை, அங்கே சாப்பிடும் சேம்புக் கூழை ‘சாம்பல் நிறப் பசை’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது. மவுய் தீவில் மகள் வீட்டில் 3 மாதம் இருந்தவள் நான். ஒரு சனிக்கிழமை முழங்கால் சேற்றில் நின்று சேம்பும் நட்டேன். அதனால் பொறுக்கவில்லை.

அதன் பெயர் போய். (காதில் ‘பொய்’ என்றுதான் விழுகிறது. அப்படி எழுதினால் வம்பு!) வெந்த கிழங்கைக் கல்லால் இடித்து, தண்ணீர் விட்டுப் பிசைவார்கள். எத்தனை விரலால் வழித்தெடுக்க வருகிறதோ அதை வைத்து ஒரு விரல், இரண்டு விரல் என்று பதம் சொல்வார்கள். ஓரிரு நாள் வைத்துப் புளித்ததைத்தான் நான் கேட்டு வாங்கினேன். பழைய சோறு தின்று வளர்ந்த நாக்கு.

வானத் தந்தை வாக்கேயாவுக்கும் ஹோஹோகூகலானிக்கும் முதல் பிள்ளை இறந்தே பிறந்தது. புதைத்த இடத்தில் சேம்பு முளைத்தது. அடுத்துப் பிறந்த ஹாலோவாவின் வழிவந்தவர்களே ஹவாய் மக்கள் என்பது அவர்கள் கதை. வீட்டுக்கு மூத்தவன் முன்னால் சண்டை கூடாதல்லவா? போய்க் கிண்ணம் திறந்திருந்தால் யாரும் குரல் உயர்த்த மாட்டார்கள். தாய்க்கிழங்கைச் சுற்றி வரும் பக்கக்கன்று ‘ஓஹா’. குடும்பத்துக்கு அவர்கள் சொல்லும் ‘ஓஹானா’ அதிலிருந்து வந்ததுதான். வாழையடி வாழை என்கிறோமே, அதேதான். நடுவதற்கும் விதை இல்லை. கிழங்கை அறுத்துக்கொண்டு, மேல்துண்டைத் தண்டோடு திரும்ப ஊன்ற வேண்டும்.

தண்ணீர் தேங்கினால் சூடேறிக் கிழங்கு அழுகிவிடும். குளிர்ந்த ஓடைநீர் பாத்தி பாத்தியாக இறங்கி, மறுபடி ஓடைக்கே போய்ச் சேர வேண்டும். அந்தக் கால்வாய்க்குப் பெயர் ‘அவுவாய்’. (நம் வாய்க்காலோடு உறவு தேட வேண்டாம், தற்செயல்தான்.) அங்கே ‘வாய்’ என்றால் தண்ணீர், ‘வாய்வாய்’ என்றால் செல்வம். 1870-களில் தொடங்கி, கிழக்கு மவுயின் ஓடைகளைக் கரும்புத் தோட்டங்கள் மடைமாற்றின. பாத்திகள் காய்ந்தன. வழக்கு வழக்காக நடந்து, 2018-ல்தான் மாநில நீர் ஆணையம் பல ஓடைகளைச் சேம்புக்காகத் திறந்துவிடச் சொன்னது. கட்டுரையில் இதில் ஒரு சொல்லாவது வந்திருக்கலாம்.

அப்புறம் இன்னொன்று. ‘சேம்பு வயல்’ என்று போட்டிருக்கும் படத்தில் இருப்பது நெல்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கும்பகோணம்