எந்தத் துறைக்கு அமைச்சர்?

ஆசிரியருக்கு வணக்கம்.

செப்டம்பர் 16 அன்று கடலூர் மஞ்சக்குப்பம் மணிமண்டபத்தில் எஸ்.எஸ்.ராமசாமி படையாட்சியாரின் பிறந்தநாள் அரசு விழாவாக நடந்த செய்தியைத் தங்கள் இதழில் படித்தேன். எந்தக் கட்சியிலிருந்து யார் வந்தார்கள், யாருக்குப் பின் யார் மாலை போட்டார்கள் என்பதெல்லாம் விவரமாக இருந்தது. விழா நாயகரைப் பற்றி மட்டும் 'முன்னாள் அமைச்சர்' என்று இரண்டே சொல். எந்தத் துறைக்கு, யார் ஆட்சியில், எப்படி அமைச்சரானார்? ஒரு வரி இல்லை.

நான் நகராட்சி அலுவலகத்தில் வெகுகாலம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் சொந்த ஆர்வமும் உண்டு. படையாட்சியார் கவனித்தது உள்ளாட்சித் துறை. அந்தக் காலத்துப் பேச்சில் ஸ்தல ஸ்தாபனம். அதற்கு முன் அவர் கடலூர் நகராட்சித் தலைவர். குழாயில் தண்ணீர் வரவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது என்று ஜனங்கள் வந்து நிற்கிற மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர், மாகாணத்து நகராட்சிகள் அத்தனைக்கும் அமைச்சரானார். அந்த நகராட்சி 2021-ல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. இன்றைய கவுன்சிலர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

அவர் அமைச்சரான கதை இன்னும் சுவாரசியமானது. 1949 ஜில்லா போர்டு தேர்தலில் காங்கிரசை எதிர்த்து நின்ற வன்னியர் சங்கத்தார், தென்னாற்காட்டில் 52 இடங்களில் 22-ஐப் பிடித்தார்கள். அந்த வேகத்தில் படையாட்சியார் தொடங்கியதுதான் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி. 1952 பொதுத்தேர்தலில் 375 பேர் கொண்ட சென்னை சட்டமன்றத்தில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152 தான். படையாட்சியாரின் கட்சிக்கு 19; வடாற்காட்டு மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சிக்கு 6. ராஜாஜி ஆட்சி அமைத்தபோது, ஆறு பேரை வைத்திருந்தவர் அமைச்சரவைக்குள் போனார். பத்தொன்பது பேரை வைத்திருந்தவர் வெளியே நின்றார். அப்போது அவருக்கு வயது 33. அந்த வயதில், கதவு திறந்திருக்கும்போது வெளியே நிற்பது லேசான காரியமா?

பிறகு ஆந்திரம் பிரிந்தது. குலக்கல்வித் திட்ட எதிர்ப்பில் ராஜாஜி விலகினார். 1954 ஏப்ரலில் காமராஜர் அமைத்த அமைச்சரவை முதல்வரோடு சேர்த்து எட்டே பேர். காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் தன்னை எதிர்த்து நின்ற சி.சுப்பிரமணியத்தையே சேர்த்துக்கொண்டவர், படையாட்சியாரையும் மாணிக்கவேலு நாயக்கரையும் எடுத்துக்கொண்டார். எட்டில் இரண்டு இடம் ஆற்காட்டு ஜில்லாக்களுக்கு! இதைப் பதவி பேரம் என்று மட்டம் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பேரம்தான், அதிலென்ன தப்பு? ஓட்டுப் போட்டவர்களுக்கு அதிகாரத்தில் பங்கு வாங்கித் தருவதுதானே கட்சித் தலைவர் வேலை. எனக்குள்ள வருத்தம் வேறு. அந்தப் பேரத்தில் உழைப்பாளர் கட்சியே காங்கிரசுக்குள் கரைந்துபோனது. 1980-லும் 1984-லும் அவர் திண்டிவனத்திலிருந்து மக்களவைக்குப் போனதுகூடக் காங்கிரஸ்காரராகத்தான். தனிக் கட்சியாகவே இருந்து வெளியிலிருந்து ஆதரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? விவரம் தெரிந்தவர்கள் எழுதலாம்.

இறந்த பிறகு மரியாதைக்குக் குறைவில்லை. 1993-ல் தென்னாற்காட்டைப் பிரித்தபோது இந்தப் பக்கம் வள்ளலார் பெயர், அந்தப் பக்கம் 'விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டம்'. என் மகனின் சான்றிதழ் ஒன்றில் 'தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம்' என்ற ரப்பர் ஸ்டாம்ப், வட்டத்துக்குள் எழுத்து அடங்காமல் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். 1997-ல் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர்கள் பெயரையெல்லாம் எடுத்தபோது இவையும் போயின. அப்புறம் 2019-ல் ஜூலையில் சட்டமன்றத்தில் படம், நவம்பரில் மணிமண்டபம். இப்போது வருஷா வருஷம் மாலை. எல்லாம் சரி. ஆனால் அவரை ஒரு சாதிக்குள் நிறுத்தி மாலை போடுவது எல்லாக் கட்சிகளுக்கும் வசதியாக இருக்கிறது. அமைச்சராக என்ன செய்தார், எதில் சறுக்கினார் என்று பேச ஆரம்பித்தால் எந்தக் கட்சிக்கும் ஓட்டு விழாது பாருங்கள்.

என் கோரிக்கை இதுதான். 1954-லிருந்து 57 வரையிலான சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளில் உள்ளாட்சி மானியக் கோரிக்கை விவாதங்களைத் தங்கள் நிருபர் ஒருவர் உட்கார்ந்து படிக்கட்டும். நகராட்சிகளின் வருமானம், துப்புரவுத் தொழிலாளர் சம்பளம், குடிநீர் பற்றி அவரிடம் என்ன கேட்டார்கள், அவர் என்ன பதில் சொன்னார் என்று அடுத்த செப்டம்பர் 16 அன்று ஒரு பக்கம் போடுங்கள். விழாவுக்கு வந்தவர்கள் பட்டியலுக்கு உள்பக்கத்தில் இடம் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நகராட்சி ஊழியர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.